பாறைக்கோட்டையும் காளையார்கோயில் காடும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் வருகிறவர்கள் தியாகதுருகத்தின் பாறை மலையைப் பார்த்திருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பாறைக்காக எத்தனை பேர் மோதினார்கள் என்று கணக்கெடுத்தால் மலைப்பாக இருக்கும். 1760-இல் புதுச்சேரியைக் காப்பாற்றத் துடித்த பிரெஞ்சுத் தளபதி லாலி, மைசூர் ஹைதர் அலியின் உதவிக்கு விலையாக இரண்டு கோட்டைகளைக் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒன்று தியாகதுருகம், மற்றொன்று எலவனாசூர். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. சில வாரங்களில் தியாகதுருகம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு ஹைதரின் படை வந்தது. 1790-இன் இறுதியில் திப்பு சுல்தான் வந்தார். உள்ளே இருந்த கேப்டன் ஃபிளின்ட் என்ற ஆங்கில அதிகாரி அவரைத் தடுத்து நிறுத்தினார்.

இத்தனை போர்களில் ஒன்றிலாவது, கோட்டைக்குக் கீழே கம்பும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தவரிடம் "இது உன் சண்டை" என்று எவரும் வந்து சொன்னதாகத் தெரியவில்லை. படை வந்தால் தானியத்தைக் குழியில் புதைக்க வேண்டும், மாட்டைக் காட்டுக்குள் ஓட்ட வேண்டும். அவருக்குப் போர் என்றால் அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விடுதலைப் போர் என்று ஒன்றை எப்போது சொல்லலாம்? அன்னியனை எதிர்த்தால் போதுமா? திப்புவும் அன்னியனைத்தான் எதிர்த்தார், மாபெரும் வீரத்தோடு எதிர்த்தார். ஆனால் எதிர்ப்பவர் யாரைக் கூப்பிட்டு எதிர்க்கிறார் என்பதில்தான் எனக்கு அக்கறை. அந்த அளவுகோலோடு இரண்டு போர்களை இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று 1801-இல் சிவகங்கைச் சீமையை மையமாகக் கொண்டு நம் மண்ணில் நடந்தது. மற்றொன்று நம் தலைமுறை செய்தித்தாளில் படித்த வியட்நாம் போர்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. மண்ணும் வைக்கோலும் குழைத்து ஊரே சேர்ந்து எழுப்பிய சுவர் அது. மே மாதம் 24-ஆம் நாள் கம்பெனிப் படையின் கர்னல் ஆக்னியூ அதைப் பிடித்தார். ஊமைத்துரை தப்பிச் சிவகங்கைப் பக்கம் போய், அந்தச் சீமையை நடத்திவந்த பெரிய மருது, சின்ன மருது சகோதரர்களிடம் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் போரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரிக்கிறது. 1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை வெளியானது. திருச்சிக் கோட்டையின் சுவரிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் அதை ஒட்டினார்கள். ஒரு பாளையக்காரர் இன்னொரு பாளையக்காரருக்கு எழுதும் ஓலையாக அது இல்லை. எல்லாச் சாதியாரையும், முஸ்லிம்களையும், கம்பெனிப் படையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த சிப்பாய்களையும் அது அழைத்தது. ஐரோப்பியர் நம்பிக்கைத் துரோகம் செய்து நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள், உங்களுக்குள் ஒற்றுமையில்லாததால்தான் இது நடந்தது என்று சொன்னது. எழுத்தறிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில், படிக்கத் தெரிந்தவர் நின்று சத்தமாகப் படிக்க, சுற்றிலும் கூட்டம் கூடிக் கேட்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் எழுதிய நூலில் இதை முதல் சுதந்திரப் போர் என்றே தலைப்பிட்டார். சீமையாளும் உரிமைக்காகப் பாளையக்காரர்கள் போட்ட சண்டைதானே என்று கேட்கிறவர்களும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் எல்லாச் சாதியாரையும் சிப்பாயையும் பெயர் சொல்லி அழைத்த பிறகு அது பாளையக்காரர் சண்டை என்ற எல்லையைத் தாண்டிவிட்டது என்பது என் கருத்து.

இப்போது வியட்நாமுக்குப் போவோம். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோய் நகரின் பா தின் திடலில் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். அமெரிக்கர்கள் 1776-இல் இங்கிலாந்துக்கு எதிராக எழுதிய சுதந்திரப் பிரகடனத்தின் சொற்களை எடுத்துத் தன் உரையைத் தொடங்கினார். அதே அமெரிக்காவோடுதான் பின்னாளில் மோத வேண்டி வந்தது.

அந்த அறிவிப்பு வந்த சில நாட்களில் சைகோனில் போய் இறங்கிய படை எது தெரியுமா? ஜெனரல் கிரேசி தலைமையிலான 20-ஆவது இந்தியப் படைப்பிரிவு. ஜப்பானியரின் ஆயுதங்களை வாங்கப் போன அந்தப் படை, பிரெஞ்சுக்காரர் மறுபடி அதிகாரத்தில் அமரத் துணை போனது. நேரு அதைக் கண்டித்தார். 1801-இல் மருதுவின் காட்டைச் சுற்றி வளைத்த கம்பெனிப் படையிலும் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்கள்தான். ஆட்சி அன்னியனுடையது, துப்பாக்கியைத் தூக்கிய தோள் உள்ளூரானுடையது. நூற்று நாற்பத்து நான்கு ஆண்டு இடைவெளியில் இந்த ஏற்பாடு மாறவே இல்லை என்பது மனதைச் சுடுகிறது. மருதுவின் அழைப்புக்கு அன்று சிப்பாய்கள் பெருமளவில் செவி கொடுக்கவில்லை. ஐந்தே ஆண்டுகளில், 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் அவர்கள் எழுந்தார்கள். அது மருதுவுக்கு உதவாத காலம்.

இரண்டு போர்களிலும் காடு ஒரு போராளியைப் போல நின்றது. காளையார்கோயிலைச் சுற்றி அடர்ந்த முட்காடு. மருதுவின் ஆட்கள் தங்கள் சிறுவயல் ஊரைப் பகைவருக்குப் பயன்படாதபடி தாங்களே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். ஆக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார். ஒரு மாதம் வெட்டினார்கள். பகலில் வெட்டுகிறவர்கள் மேல் மரத்துக்குப் பின்னாலிருந்து குண்டு பாயும். கடைசியில் அந்தப் பாதையைக் கைவிட்டார்கள். அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி இதையெல்லாம் பிற்காலத்தில் நூலாக எழுதினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்றும், காவலாளி இல்லாத வீட்டில் வாழ்ந்த அந்த மனிதரை யாரும் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றும் அவர் மதிப்போடு நினைவு கூர்ந்திருக்கிறார். அந்த மனிதரை வேட்டையாடிய படையில் தானும் இருந்ததை அவர் மறைக்கவில்லை.

வியட்நாமில் அமெரிக்கர்கள் கோடரி எடுக்கவில்லை, விமானத்திலிருந்து இலையுதிர் நஞ்சைத் தெளித்தார்கள். 1961 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கும் மேல். மரங்கள் மொட்டையாயின. நஞ்சிலிருந்த டையாக்சின் மண்ணில் இறங்கி, போர் முடிந்த பின் பிறந்த குழந்தைகளின் உடலையும் பாதித்தது. 1801-இன் பகை காட்டுக்குள் இருந்த மனிதரோடு நின்றுகொண்டது. வியட்நாமில் அது காட்டின் மேலேயே, இன்னும் பிறக்காதவர் மேலேயே பாய்ந்தது. நவீனப் போரைப் பழைய போரோடு ஒப்பிடும்போது என்னைப் பெரிதும் கலங்க வைப்பது இதுதான். 1995-இல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கில் பொதுமக்கள் மட்டும் 20 லட்சம் பேர் இறந்திருந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் இறந்த வீரர்கள் 58 ஆயிரத்துக்குச் சற்று மேல்.

சரி, ஒருவர் தோற்றார், மற்றவர் வென்றார். ஏன்?

ஆயுதம் ஒரு காரணம். வியட்நாமுக்கு வடக்கே சீன எல்லை திறந்திருந்தது, சோவியத் ஆயுதம் வந்தது. மருதுவுக்குக் கடற்கரை மட்டும்தான், அங்கேயும் கம்பெனியின் கப்பல்கள். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் கம்பெனி பக்கம் நின்றார்கள். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொரு காரணம். 1801 செப்டம்பரில், காடு வெட்டி அலுத்துப்போன ஆக்னியூ ஓர் அரசியல் வேலை செய்தார். சிவகங்கை அரச குடும்பத்தின் உறவினரான படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் வைத்துச் சீமையின் தலைவராக அறிவித்தார். மருது சகோதரர்கள் எவ்வளவு பெரியவர்களானாலும் அரச குடும்பத்தவர் இல்லை, சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் பிரதானிகள். சீமைக்காரர்கள் பலர் தயங்கினார்கள், சிலர் விலகிப் போனார்கள். அக்டோபர் 1 அன்று பல பக்கங்களிலிருந்தும் படைகள் நுழைந்தபோது காளையார்கோயில் வீழ்ந்தது. 24-ஆம் தேதி திருப்பத்தூரில் பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையை. மறு ஆண்டு சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். 1818-இல் வெல்ஷ் அங்கே துரைசாமியைப் பார்த்தபோது, இளம் பிள்ளையாய்ப் போனவர் உருக்குலைந்து நின்றார்.

பிரெஞ்சுக்காரர்களும் அதே வேலையை வியட்நாமில் செய்து பார்த்தார்கள். 1949-இல் பழைய பேரரசர் பாவோ தாயைக் கொண்டுவந்து நாட்டின் தலைவராக உட்காரவைத்தார்கள். எடுபடவில்லை. 1945-லேயே அவர் முத்திரையையும் வாளையும் ஹோ சி மின்னின் ஆட்களிடம் ஒப்படைத்து முடி துறந்திருந்தார். குடியானவர் கண்ணில் அந்தப் பழைய உரிமை முடிந்துபோன கதை. சிவகங்கையில் அது முடியாத கதை. ஒரு மாத முற்றுகையால் ஆகாததை ஒரு பட்டாபிஷேகம் சாதித்தது. மக்களின் மனத்தில் அரச உரிமை என்ற ஒன்று உயிரோடு இருந்த வரை, அதைப் பகைவன் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. மருதுவின் அறிக்கை அதைத் தாண்டத்தான் முயன்றது. மூன்றரை மாதம் அதற்குப் போதவில்லை. ஹோ சி மின்னின் இயக்கத்துக்கு முப்பது ஆண்டு கிடைத்தது.

1954 மே 7 அன்று தியென் பியென் பூ பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. வியட்நாம் தளபதி ஜெனரல் ஜியாப்பின் பீரங்கிகளை மலை உச்சிக்குக் கயிறு கட்டி இழுத்தவர்கள் மனிதர்கள். ஒரு சைக்கிளில் இருநூறு கிலோவுக்கும் மேல் அரிசி ஏற்றித் தள்ளிக்கொண்டு காட்டுவழியே நடந்தவர்கள் குடியானவர்கள், பெண்களும் ஏராளம். தன் போர் என்று நினைக்காதவர் அப்படித் தள்ளமாட்டார். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. லாலி காப்பாற்றப் பார்த்த அதே புதுச்சேரி. அங்கிருந்து பிரெஞ்சு அரசு வேலைக்கும் படைக்கும் வணிகத்துக்கும் சைகோன் போன தமிழர்கள் பலர். அவர்கள் விட்டு வந்த மாரியம்மன் கோயிலில் இன்றும் வியட்நாமியர் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்.

போர் நடக்காத இடத்தில் விடுதலை எப்படி வந்தது என்று பார்க்க, இனி நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைக்கு ஏறுவோம்.

ஆங்கிலேயரின் பழைய பதிவுகள் இந்த மலையின் தலைவர்களையும் பாளையக்காரர் என்றே குறிக்கின்றன. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்று சொல்வார்கள். 1801 போரின் முன்னணியில் இந்த மலையின் பெயர் இல்லை. சமவெளியில் சண்டையிட்ட பாளையங்கள் இடிக்கப்பட்டன, கோட்டைகள் தரைமட்டமாயின, ஆயுதம் வைத்திருப்பதே குற்றமாயிற்று. இந்த மூன்று ஜாகீர்களோ கம்பெனி போய், மகாராணி போய், 1947-உம் வந்து போன பிறகும் நீடித்தன. சாமையும் தினையும் விதைத்த மலையாளிப் பழங்குடிகள் அவர்களுக்கே வரி கட்டினார்கள், அவர்களுக்கே உழைத்தார்கள். இனாம் ஒழிப்புச் சட்டம் 1963-இல் வந்தும் வழக்குகளில் இழுபட்டது. அரசு நிர்வாகம் முழுமையாக மலையேறியது 1976-இல். சைகோன் வீழ்ந்து வியட்நாம் போர் முடிந்தது 1975 ஏப்ரல் 30. ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் கல்வராயன் மலைக்கும் விடுதலை வந்தது, ஒரு குண்டும் வெடிக்காமல்.

வியட்நாமின் மத்திய மேட்டு நிலத்திலும் மலைக்குடிகள் இருக்கிறார்கள். அமெரிக்கப் படை அவர்களைக் கூலிப் போராளிகளாகச் சேர்த்தது. வென்ற அரசோ சமவெளி மக்களை அங்கே குடியேற்றிக் காப்பித் தோட்டம் போட்டது. உலகில் பிரேசிலுக்கு அடுத்து அதிகக் காப்பி விற்கும் நாடு வியட்நாம், அதில் பெரும்பகுதி அந்த மலைநிலத்தில் விளைவது. நிலம் யாருடையது என்று அந்த மலைக்குடிகள் கேட்கும் கேள்விக்கு, வென்ற விடுதலைப் போரும் சரியான பதில் சொல்லவில்லை. இங்கே கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கெடுத்து, சாலை எங்கே, பேருந்து எங்கே என்று அரசைக் கேட்க வேண்டியிருந்தது. 1976 முடிந்து 48 ஆண்டுகள் ஆன பிறகு.

மருதுவின் வீரத்தை எழுதிவைக்க வெல்ஷ் இருந்தார், ராஜய்யன் வந்தார். ஜாகீர் காலத்தில் வரி கட்டிய கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்தத் தலைமுறை இன்னும் வெள்ளிமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் உயிரோடு இருக்கிறது, எழுபதையும் எண்பதையும் தாண்டி. இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் மலையூர் ஆசிரியர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். வரி எதற்கெல்லாம் கட்டினார்கள், யார் வந்து வாங்கினார்கள், முதல் பட்டா எப்போது கைக்கு வந்தது, முதல் ஓட்டு எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, ஊர் பெயரும் தேதியும் சேர்த்து எழுதி, பள்ளி நூலகத்தில் வையுங்கள்.