சுவரைத் தொட்டுப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலனித்துவ காலக் கட்டடங்களைப் போய்ப் பார்ப்பதால் நமக்கு என்ன பயன் என்பதே இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய தம்பி சற்று உணர்ச்சிவசப்பட்டார். "அவை நம்மை ஆண்டவர்கள் விட்டுச்சென்ற சின்னங்கள். அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது நமக்கு அழகா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், அவற்றை வெள்ளைக்காரர் கட்டினார்கள் என்று தம்பி எடுத்துக்கொண்டாரே, அங்கேதான் நான் அவரிடமிருந்து வேறுபடுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் என் பேத்தியைச் சிட்டி ஹால் பக்கம் அழைத்துப்போனேன். வெள்ளை வெளேரென்று நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதை யார் கட்டினாங்க?" என்று கேட்டாள். "வெள்ளைக்காரங்க கட்டினாங்கம்மா" என்றேன். "அவங்களே செங்கல் தூக்கினாங்களா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மறுவாரமே நூலகத்துக்குப் போனேன்.

அங்கே படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, சுமத்ராவில் உள்ள பென்கூலனை ஆங்கிலேயர் டச்சுக்காரரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளை என்ன செய்வது? சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். 1825 ஏப்ரலில் முதல் குழுவாக 80 பேர் வந்து இறங்கினர். சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் அவர்கள். அடுத்து வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தார்கள். 1873இல் இங்குள்ள கைதிகள் சிறை மூடப்படும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு, இந்த ஊரின் சாலைகளையும் பாலங்களையும் அரசாங்கக் கட்டடங்களையும் உருவாக்கியதில் அவர்களின் உழைப்பு பெரும்பங்கு.

நாம் பார்த்த தேவாலயத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டினார்கள்; 1862இல் அர்ச்சித்தார்கள். வரைபடம் போட்டவர் கர்னல் ரொனால்ட் மெக்பர்சன். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் இந்தியக் கைதிகள். சுவர்ப் பூச்சைக் கேளுங்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம் ஆகியவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினார்கள். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். இதை ஆங்கிலேயர் 'மெட்ராஸ் சுனாம்' என்று எழுதி வைத்தார்கள். வேறொன்றுமில்லை, நம் சுண்ணாம்புதான்!

கைதிகள் செங்கல் அறுத்துச் சுட்ட அரசாங்கச் சூளை எங்கே இருந்தது தெரியுமா? நாம் தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போகிறோமே, அதே சிராங்கூன் சாலையில். அந்தச் செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் 1867இலிருந்து 1869வரை கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். சில பொது விடுமுறை நாள்களில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். வரிசையில் நிற்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதைச் சொன்னபோது என் உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். "கைதிகளைப் போய் நம் முன்னோர் என்று பெருமை பேசலாமா?" என்றார். அவர்களை நான் மகான்கள் ஆக்க வரவில்லை. கொலை செய்தவர்களும் கொள்ளையடித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அனைவரும் தமிழரும் அல்லர். ஆனால், கடல் கடந்து வந்து, வெயிலிலும் மழையிலும் தண்டனையை உழைப்பாகவே கழித்தார்கள். விடுதலையான பலர் இங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். இந்த உழைப்பை மறைப்பதில் நமக்கு என்ன கௌரவம்?

சிறை மூடப்பட்டபோது தண்டனை முடியாமல் எஞ்சியிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். அங்கே பின்னாளில், 1896இலிருந்து 1906வரை, செல்லுலார் சிறை கட்டப்பட்டது. அதையும் கட்டியவர்கள் கைதிகளே. அது இப்போது தேசிய நினைவிடம். அங்கே போகிறவர்கள் கைதிகளின் கதையைத்தான் முதலில் கேட்கிறார்கள். இங்கே நாம் கோபுரத்தின் உயரத்தைக் கேட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நம் பிள்ளைகளிடம் "சிங்கப்பூரில் நம் மரபு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். லிட்டில் இந்தியா என்பார்கள், கோயில் என்பார்கள். நகரின் நடுவே நிற்கும் கட்டடங்கள் பிறருடையவை, நமக்கு உரியது இரண்டு மூன்று தெரு மட்டுமே என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் படிந்துவிடுகிறது. அந்த எண்ணத்தோடு ஒரு பிள்ளை வளர்வது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே தம்பிக்கு நான் சொல்வது இதுதான். போகாமல் இருக்காதீர்கள், அவசியம் போங்கள். பிள்ளைகளையும் அழைத்துப்போங்கள். கல்வெட்டில் உள்ள பெயரைப் படித்தபின், சுவரையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். மேலே தெரியும் வண்ணம் பிற்காலத்தது. உள்ளே இருக்கும் செங்கலை அடுக்கியவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நான் என் பேத்தியை மறுபடியும் அங்கே அழைத்துப்போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டவள், "அவங்க பேரெல்லாம் என்ன தாத்தா?" என்றாள். "தெரியாதும்மா" என்றேன். சுவரில் கை வைத்துச் சற்று நேரம் நின்றாள். இந்த முறை படம் எடுக்கும்படி அவள் கேட்கவில்லை.