பிரிட்டனில் கண்ட இரு காட்சிகள்

(தோட்ட மண்டபக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த 18 பேர் சென்ற ஆண்டு ஒரு குழுவாகப் பிரிட்டனுக்குச் சென்று வந்தோம். ஐந்தாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தில் அமைந்த பயணம் அது. இலண்டன் மாநகரின் அரண்மனைகளையும் பாலங்களையும் கண்டோம். ஆயினும் என் நெஞ்சை விட்டு நீங்காத காட்சிகள் இரண்டே.

முதலாவது, கியூ தாவரத் தோட்டம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகளை அங்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் இருபதுக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பெற்றன. நம் பாட்டன்மாரைக் கடல் கடந்து வரச் செய்த தொழிலுக்கு வித்து அதுவே.

அங்குள்ள கண்ணாடி மாளிகையில் ஓர் இரப்பர் மரத்தைக் கண்டோம். நாற்பதாண்டுகள் மரம் வெட்டிய அம்மையார் ஒருவர் அதன் பட்டையை உற்று நோக்கினார். "இவ்வளவு வளர்ந்தும் ஒரு வெட்டுக்கூடப் படவில்லையே!" என்றார். எங்களுள் எவரும் பேசவில்லை.

இரண்டாவது, ராச்டேல் நகரில் டோடு லேன் என்னும் தெருவிலுள்ள ஒரு சிறு கடை. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், 28 பேர் 28 பவுன் முதலீட்டில் அதனைத் திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய ஐந்தே பொருள்கள்! கலப்படமில்லை, அளவில் குறைவில்லை, கடனுமில்லை. ஆளுக்கு ஒரு வாக்கு. ஆதாயம் வாங்கிய பொருளுக்கேற்பப் பங்கிடப்பட்டது. இன்று அக்கடை அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

அங்கு நின்றபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தந்தையார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி அதில் உறுப்பினரானார். "வயிற்றைக் கட்டிச் சங்கத்துக்குக் கொடுக்கிறீர்களே" என்று தாயார் கடிந்துகொண்டதை நான் அறிவேன். அந்தப் பத்து வெள்ளியின் பொருள் எனக்கு ராச்டேலில்தான் முழுமையாக விளங்கியது.

தோழர்களே! நம் தோட்டமும் கைமாறப் போவதாகப் பேச்சு அடிபடுகின்றது. அந்நாள் வந்தால் குடியிருக்க நமக்கென்று ஒரு வீடு வேண்டாமா? "இருபத்தெட்டுப் பேர்தானா? நம் தோட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோமே" என்று அந்த அம்மையார் கடைவாசலில் கேட்டார். அக்கேள்வியையே உங்கள்முன் வைக்கின்றேன். வீட்டுக்கெனத் தனிச் சேமிப்பொன்றை இம்மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்குவோம். முதல் பெயராக அவர் தம் பெயரைத் தந்துள்ளார். இரண்டாவது பெயர் என்னுடையது.