கேப் டவுன் மணல்வெளியிலிருந்து கிளம்பிய பாட்டு



1994 மே 10. பிரிட்டோரியாவில் நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கிறார். அந்த விழாவுக்கு வந்த கலைஞர்களில் ஒரு ராப் குழுவும் உண்டு. பெயர் ப்ராஃபெட்ஸ் ஆஃப் ட சிட்டி. எல்லோரும் கேப் டவுன் இளைஞர்கள். முந்தைய ஆண்டு இவர்கள் வெளியிட்ட 'ஏஜ் ஆஃப் ட்ரூத்' தொகுப்பின் பெரும்பகுதியை அரசு வானொலி ஒலிபரப்பவே இல்லை. வானொலி ஒதுக்கியவர்களை ஓராண்டுக்குள் நாடே மேடைக்கு அழைத்துவிட்டது. தேர்தலுக்கு முன்பு, முதன்முறையாக வாக்களிக்கப் போகிற மக்களுக்கு வாக்குரிமையை விளக்கிச் சொல்லும் வேலையையும் இவர்கள் பாட்டாலேயே செய்தார்கள்.

தென்னாப்பிரிக்க ஹிப் ஹாப் என்றதும் இன்று பலருக்கு ஜோகன்னஸ்பர்க்தான் நினைவுக்கு வரும். அது முளைத்த இடம் வேறு. கேப் டவுனுக்குப் புறத்தே காற்று வீசும் மணல்வெளியான கேப் ஃப்ளாட்ஸ். அங்கே யாரும் விரும்பிப் போய்க் குடியேறவில்லை. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று வரையறுத்த சட்டம் 1950இல் வந்தது. நகரத்தின் நடுவே கடைகளும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களுமாக நெருங்கி வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் வெள்ளையருக்கென்று அறிவித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளைப் புல்டோசர் விட்டு இடித்தார்கள். டர்பனில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்ததும் இதே சட்டம்தான்.

கேப் ஃப்ளாட்ஸ் மக்களில் மிகப் பலரை அரசு 'கலர்டு' என்ற ஒற்றைப் பெயரில் பதிவு செய்தது. கோய், சான் பூர்வகுடிகள், ஐரோப்பியர், டச்சுக்காரர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர், இந்தோனேசியர், வங்காளிகள், நம் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்கள் என்று எத்தனையோ வழிகளில் வந்த மக்கள் அவர்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து மிட்செல்ஸ் பிளெய்னுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் ஒன்றில் வளர்ந்தவர்தான் டிஜே ரெடி டி. பிறகு அவர் ப்ராஃபெட்ஸ் குழுவின் இசைத்தட்டு வித்தகர் ஆனார்.

நியூயார்க் ஏழைத் தெருக்களின் பாட்டு இவ்வளவு தூரம் எப்படி வந்து சேர்ந்தது? அப்போது உலகம் தென்னாப்பிரிக்காவைக் கலைத்துறையிலும் புறக்கணித்து வந்தது. உள்நாட்டு வானொலியோ அரசின் பிடியில் இருந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த உறவினர்கள் அனுப்பிய ஒலிநாடாக்கள்தான் வழி. ஒரு நாடா கைமாறிக் கைமாறி, பிரதிக்குமேல் பிரதியாகத் தேய்ந்து, ஒரு பேட்டை முழுவதையும் சுற்றிவரும். கேப் டவுனில் 'த பேஸ்' என்ற கிளப்பில் சனிக்கிழமைப் பகல் ஆட்டங்களுக்கு இளைஞர்கள் திரண்டார்கள். எமில் ஒய்எக்ஸ் முன்னின்று நடத்திய பிளாக் நாய்ஸ் குழு அங்கிருந்துதான் கிளம்பியது. புலம்பெயர்ந்தவர்கள் இந்த இசைக்குப் பிற்பாடு கிடைத்த ரசிகர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. விதையை அனுப்பி வைத்தவர்களே அவர்கள்தான்.

1988இல் தொடங்கிய ப்ராஃபெட்ஸ் குழு 1990இல் 'அவர் வேர்ல்ட்' தொகுப்பை வெளியிட்டது. அந்த நாட்டின் முதல் ஹிப் ஹாப் தொகுப்பு அது. குழுவின் பாடலாசிரியர் ஷஹீன் ஆரிஃப்தீன். அமெரிக்க உச்சரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பாடுவது எளிதாக இருந்த காலத்தில், அவர்கள் காப்ஸ் மொழியையும் எடுத்துக்கொண்டார்கள். காப்ஸ் என்பது கேப் டவுன் உழைக்கும் மக்கள் வீட்டில் பேசும் ஆஃப்ரிகான்ஸ். பள்ளிக்கூடத்தில் பேசினால் 'கொச்சை' என்று தலையில் குட்டு விழும். அதைத் துணிந்து ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்ததுதான் அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம். பின்னாளில் ரெடி டி, முழுக்க முழுக்க இந்தப் பேச்சிலேயே பாடும் பிராஸ் ஃபன்னி காப் என்ற குழுவையும் நடத்தினார்.

இது எவ்வளவு பெரிய மீறல் என்பதற்கு வானொலியின் கதையையே சொல்லலாம். நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கு மொழிவாரியாக வானொலி நிலையங்களைப் பிரித்துக் கொடுத்திருந்தது. சுலுவுக்கு ஒன்று, சோசாவுக்கு ஒன்று, சோத்தோவுக்கு ஒன்று. மக்கள் ஒருவரோடொருவர் கலக்கக் கூடாது என்ற கொள்கையின் ஒலி வடிவம் அது. இரண்டு மொழி கலந்த பாட்டைத் தணிக்கைக்காரர்கள் தள்ளிவிடுவார்கள். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவெட்டோவின் தெருவில் நின்று நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று மொழி இருக்கும். அந்தத் தெருப்பேச்சை அப்படியே தாளத்தில் ஏற்றுவதுதான் ராப்.

அதனால்தான் கேப் டவுனின் புஷ் ரேடியோவை இங்கே சொல்லாமல் போக முடியாது. அலைவரிசைகள் அடைபட்டுக் கிடந்த 1980களில், அரசியல் பேச்சுகளையும் கவிதைகளையும் பாட்டுகளையும் ஒலிநாடாவில் பதிந்து வீடு வீடாகக் கொண்டுசேர்த்த ஒரு இயக்கம் இருந்தது. அதிலிருந்து பிறந்த சமூக வானொலி இது. உரிமம் இல்லாமலே 1993 ஏப்ரலில் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். சில மணி நேரத்தில் அதிகாரிகள் வந்து மூடினார்கள். 1995இல் உரிமம் கிடைத்தது. அதை வழிநடத்திய ஜேன் இப்ராஹிம் நிறவெறிக் காலத்தில் நாட்டை விட்டுப் போய் வட அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர். ஷஹீன் இந்த நிலையத்தில் 'ஹெட்வார்மர்ஸ்' என்ற ஹிப் ஹாப் நிகழ்ச்சியில் பணியாற்றினார், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான பயிற்சிப் பட்டறைகளிலும் பங்கெடுத்தார். பிறகு அவரே கனடாவின் டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்தார். எதிர்த்திசையில், ஜேனின் மகளாகக் கனடாவில் பிறந்த ஜாக்கி இப்ராஹிம் தந்தையின் ஊருக்கு வந்து பாடினார். அவருடைய 'எவ்ரி ஆப்போசிட்' தொகுப்பு 2013இல் கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. ஒரே நிலையம், போனவர், வந்தவர், திரும்பியவர் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் இந்த இசைக்குத் தந்ததைத் தனியாகவே பேச வேண்டும். விடுதலைப் போராளிகளுக்குத் தான்சானியா அடைக்கலம் கொடுத்தது. அங்கே நாடுகடந்து வாழ்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர் துமி மொலெகானே. ஜோகன்னஸ்பர்க் வந்து அவர் அமைத்த 'துமி அண்ட் த வால்யூம்' குழுவில் கித்தாரும் டிரம்ஸும் வாசித்தவர்கள் மொசாம்பிக்கைச் சேர்ந்தவர்கள். மேடையில் நேரடி வாத்தியங்களோடு ராப் பாடிய இந்தக் குழுவுக்குப் பிரெஞ்சு பேசும் நாடுகளிலும் ரசிகர்கள் கிடைத்தார்கள். கவிஞர் லெபோ மஷிலே நாடுகடந்த பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, 1990களின் நடுவில் தாய்நாடு சேர்ந்தவர். ராப் பாடகர் ஜுப்ஸும் வெளியிலிருந்து வந்தவர்தான்; சாம்பியாவில் பிறந்து ஜிம்பாப்வேயில் வளர்ந்தவர்.

ஜோகன்னஸ்பர்க்கில் அந்த நேரத்தில் கொடிகட்டிப் பறந்தது குவைத்தோ. ஹவுஸ் இசையின் வேகத்தைக் குறைத்து, அதன்மேல் தெருப்பேச்சைத் தூவிய ஆட்டப் பாட்டு. 1997இல் இளைஞர்களுக்கென்றே ஒய்எஃப்எம் வானொலி தொடங்கியபோது குவைத்தோவோடு ராப்புக்கும் இடம் கிடைத்தது. ஸ்க்வாட்டா காம்ப் குழு 2003இல் வெளியிட்ட 'முகுகு ஃபங்ஷன்' தங்கத்தட்டு விற்பனையை எட்டியது. ராப் அங்கே காசு பார்க்காது என்று இசை நிறுவனங்கள் சொல்லிவந்த சாக்கு அத்தோடு தீர்ந்தது. சொவெட்டோவின் ப்ரோகிட் சுலுவும் தெருப்பேச்சும் கலந்து பாடி, அந்த ஊர்ப் பையன்களின் நடையையும் சேட்டையையும் பாட்டுக்குள் நிறுத்தினார்.

போட்ஸ்வானா எல்லைக்கு அருகில் உள்ள மாஃபிகெங் என்ற சிறிய ஊர் இந்தக் கதையில் பெற்றிருக்கும் இடம் வியப்பானது. நிறவெறி அரசு 'சுதந்திர நாடு' என்று பெயருக்கு அறிவித்த போபுதட்ஸ்வானாவின் தலைநகரம் அங்கே இருந்தது. உலகில் வேறெந்த நாடும் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மை நாட்டுக்கென்று தனித் தொலைக்காட்சியும் வானொலியும் இருந்தன; அமெரிக்க நிகழ்ச்சிகளும் இசையும் அவற்றில் தாராளமாக வந்தன. அந்த ஊரில் வளர்ந்த ஜபுலானி த்சாம்போ, ஹெச்ஹெச்பி என்ற பெயரில் செட்ஸ்வானாவையும் ஆங்கிலத்தையும் இழைத்துப் பாடிய பாணிதான் மொட்ஸ்வாகோ. செட்ஸ்வானா போட்ஸ்வானாவின் தேசிய மொழி. ஆகவே எல்லைக்கு அப்பால் இருந்த ரசிகர்களுக்கு இது அயல்நாட்டுப் பாட்டாகவே படவில்லை. ஹெச்ஹெச்பி 2018இல் காலமானார். அவர் போட்ட பாதையில் அதே ஊரிலிருந்து வந்த காஸ்பர் நியோவெஸ்ட், 2015இல் ஜோகன்னஸ்பர்க்கின் 20,000 பேர் கொள்ளும் டோம் அரங்கை நிரப்பிக் காட்டுவேன் என்று சவால் விட்டு நிரப்பினார். இரண்டாண்டு கழித்து, 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடந்த எஃப்என்பி விளையாட்டரங்கில் அவரைக் காண 68,000 பேர் கூடினார்கள்.

இதற்கிடையே நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் பெருகியிருந்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 1,91,000. ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,89,000. யூடியூபும் கைப்பேசியும் வந்தபின் லண்டனிலோ பெர்த்திலோ வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்புகிறவருக்கு ஊர்த் தெருவின் பேச்சு காதிலேயே கிடைத்தது. ராப் பாடகர் கே.ஓ. 2014இல் வெளியிட்ட 'காரகாரா' ஒரு ஃபோக்ஸ்வாகன் வேனைப் பற்றியது. காஸ்பரின் 'குஷேஷே' பெட்டி போன்ற பழைய பிஎம்டபிள்யூ காரைப் பற்றியது. அந்த வண்டிகள் கறுப்பினக் குடியிருப்புகளில் என்ன மதிப்போடு உலா வந்தன என்பது அங்கே வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் வெளியுலகம் பெரும்பாலும் முதலில் கேட்டது வேறொரு குரலை. 2010இல் 'என்டர் த நிஞ்ஜா' காணொளியால் இணையத்தில் பற்றிக்கொண்ட டி ஆண்ட்வூர்ட் குழு. பாடிய நிஞ்ஜா ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த ஆங்கிலம் பேசும் வெள்ளையர். மேடையிலோ கேப் ஃப்ளாட்ஸ் கும்பல்களின் பச்சைக்குத்துகளும் பேச்சும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து பதின்ம வயதில் கனடாவின் வான்கூவருக்குப் போன திரைப்பட இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப் இவர்களை மிகவும் ரசித்தார். 2015இல் வந்த தன் 'சாப்பி' படத்தில் முக்கிய வேடங்களையே கொடுத்தார். திறமை இருந்தது என்பதை மறுக்க முடியாது. என்றாலும் அந்தப் பேச்சோடு பிறந்து அதற்காகவே ஏளனம் சுமந்தவர்களின் பாட்டு உள்ளூரிலேயே நின்றிருக்க, அதை உடுப்புப்போல அணிந்தவர்கள் உலகம் சுற்றியது அநீதிதான். கேப் டவுன் ராப் கலைஞர்களும் ஆய்வாளர்களும் இதை அப்போதே உரக்கச் சொன்னார்கள்.

அயல்நாட்டு ரசிகர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளேயும் உண்டு. நைஜீரியர், ஜிம்பாப்வேக்காரர், காங்கோக்காரர், மொசாம்பிக் தொழிலாளர்கள். ஏகேஏ என்ற தென்னாப்பிரிக்க ராப் பாடகர் கீர்னன் ஃபோர்ப்ஸ் 2014இல் வெளியிட்ட 'ஆல் ஐஸ் ஆன் மீ' பாட்டில் நைஜீரியாவின் பர்னா பாயும் பாடினார். 2018இல் வந்த 'ஃபெலா இன் வெர்சாச்சே' பாட்டில் நைஜீரிய இசையமைப்பாளர் கிட்டாமினன்ட் உடன் நின்றார். பெயரிலேயே நைஜீரிய மேதை ஃபெலா குட்டி இருந்தார். அந்த நட்புக்கு 2019 சோதனையாக வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் பிற ஆப்பிரிக்க நாட்டவரின் கடைகள் தாக்கப்பட்டன. பர்னா பாய்க்கும் ஏகேஏவுக்கும் சமூக ஊடகத்தில் கடும் வார்த்தைப் போர் மூண்டது. நவம்பரில் பர்னா பாய் பாடவிருந்த 'ஆஃப்ரிகன்ஸ் யுனைட்' இசை நிகழ்ச்சி ரத்தானது. 2008இல் இதேபோன்ற வன்முறையில் 62 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தென்னாப்பிரிக்கர்களே என்பதை மறக்கக் கூடாது.

அந்த வன்முறை நாட்களில் அயலார் என்ற சந்தேகத்துக்கு ஆளானவர்களில் எல்லையின் இருபுறமும் வாழும் சோங்கா மக்களும் இருந்தார்கள். அவர்கள் மொழியில் பாடித்தான் ஷோ மஜோஸி எழுந்தார். லிம்போபோ மாநிலத்துக் கிராமத்தில் பிறந்து, தான்சானியாவில் சில காலம் வளர்ந்து, அமெரிக்காவில் மவுன்ட் ஹோலியோக் கல்லூரியில் படித்தவர். சோங்காப் பெண்கள் இடுப்பசைத்து ஆடும்போது அணியும் ஷிபெலானி பாவாடையோடு மேடையேறினார். 2019இல் அமெரிக்காவின் பிஇடி விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் மல்யுத்த வீரர் ஜான் சீனாவின் பெயரில் அவர் பாடிய பாட்டில் சுவாஹிலியும் கலந்திருந்தது. பிறகு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஜான் சீனாவே எதிர்பாராமல் வந்து அவர் முன் நின்றார்.

டர்பனிலிருந்து வந்த நாஸ்டி சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடுபவர். 2020இல் அமெரிக்காவின் டெஃப் ஜாம் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆக, ஆங்கிலப் பாதையும் திறந்தே இருக்கிறது. 2022இன் இறுதியில் அவரும் ஏகேஏவும் சேர்ந்து பாடிய 'லெமன்ஸ்' பாட்டு வந்தது. 2023 பிப்ரவரி 10 அன்று டர்பனின் ஃபுளோரிடா சாலையில், உணவகத்துக்கு வெளியே, ஏகேஏவையும் அவருடைய நண்பரையும் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய 'மாஸ் கன்ட்ரி' தொகுப்பு இரண்டு வாரம் கழித்து வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்புதான் இளைய பாடகர்கள் பலரை வளர்த்துவிட்ட ரிக்கி ரிக் காலமாகியிருந்தார். இன்று இளைஞர்களின் ஆட்டமேடையைப் பெரும்பாலும் அமாபியானோ என்ற உள்ளூர் ஆட்ட இசை பிடித்துக்கொண்டிருக்கிறது. ராப் கலைஞர்கள் பலரும் அதோடு கைகோத்துப் பாடுகிறார்கள்.

கேப் ஃப்ளாட்ஸிலோ வேலை வேறு விதமாக நடக்கிறது. எமில் ஒய்எக்ஸ் தொடங்கிய ஹீல் த ஹூட் அமைப்பு, பேட்டைப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் ராப்பும் கற்றுக்கொடுக்கிறது. காப்ஸ், ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் மூன்றுக்குமான அகராதி ஒன்றை உருவாக்கும் திட்டத்தை வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்த அமைப்பும் சேர்ந்து 2021இல் தொடங்கினார்கள். காப்ஸை எழுத்துக்கூட்டி எழுதுவது எப்படி என்று முடிவு செய்ய அமர்ந்தவர்களில், முப்பது ஆண்டுகளாக அதில் பாட்டெழுதி வரும் ராப் கலைஞர்களும் இருக்கிறார்கள்.