கடாரத்தில் கண்டவை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு நாம் குடும்பத்துடன் மலேசிய நாட்டிற்குச் சென்று வந்ததை அறிந்த செயலாளரவர்கள், அங்குக் காணத்தக்க கோயில்கள், கடற்கரைகள், நினைவுச் சின்னங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் நமக்கு மேடைப் பழக்கம் இல்லை. எனினும், பார்ப்பதற்காக மட்டுமன்றி, ஒருவரைத் தேடியும் சென்றோமாதலின், கண்டதையும் காணாததையும் சேர்த்தே கூற விழைகின்றோம்.

நம் பாட்டனாரின் தம்பி, இருபது வயது நிரம்புமுன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்றார். இரப்பர்த் தோட்டத்தில் வேலை. சில கடிதங்கள் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவிற்குள் புகுந்த பின் ஒன்றும் வரவில்லை. "உயிரோடிருக்கும் பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதா?" என்று கூறி, அவருடைய அன்னையார் தம் இறுதி நாள் வரை திதி கொடுக்க விடவில்லை. அவர் காலத்திற்குப் பின்னும் வீட்டில் அவ்வழக்கமே நிலைத்துவிட்டது.

கோலாலம்பூரில் நாம் முதலிற் சென்று பார்த்தது பழைய இரயில் நிலையமே. 1910-ஆம் ஆண்டு எழுந்த அவ்வெண்ணிறக் கட்டடத்தின் உச்சியில், வடநாட்டு அரண்மனைகளில் உள்ளவை போன்ற குடைமாடங்களைக் காணலாம். மகாமாரியம்மன் கோயில், தம்புசாமிப் பிள்ளை அவர்களால் 1873-இல் நிறுவப்பெற்றது. முதலில் இரயில் நிலையப் பகுதியில் இருந்து, 1885-இல் இப்பொழுதுள்ள இடத்திற்கு மாறியது.

நகருக்கு வடக்கே பத்துமலை. மலைகள் பத்து என எண்ணிவிட வேண்டா. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடந்து வருகின்றது. 272 படிகளேறிக் குகைக் கோயிலை அடைய வேண்டும். அடிவாரத்தில் 2006-இல் எழுந்த முருகன் திருவுருவம் ஏறத்தாழ 140 அடி உயரம். வெயில் ஏறுமுன் படியேறுவது நலம். கையிலுள்ள பழத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பது அதனினும் நலம்!

அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார இரயிலில் நான்கு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். வழியிலுள்ள தைப்பிங்கிலிருந்து வெல்டு துறைக்கு 1885-இல் ஓடியதே அந்நாட்டின் முதல் இரயில். மலாயாவின் இருப்புப்பாதைகளுக்கு மண் சுமந்த கூலியாட்களில் தமிழர் மிகப் பலர். எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் பணியாற்றினர். நம் தொழிலின் முன்னோர் அவர்களே என எண்ணி மகிழ்ந்தோம்.

பட்டர்வொர்த்திலிருந்து பயணப் படகில் கடலைக் கடந்தால் பினாங்குத் தீவு. அங்கே குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும், 513 படிகளுடைய தண்ணீர்மலை முருகன் கோயிலும் காணத்தக்கவை. தைப்பூசத்தில் நகரத்தாரின் வெள்ளித் தேர் பவனி வரும். தமிழ் முஸ்லிம்கள் தொழும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், சீனரின் கெக் லோக் சி பௌத்தக் கோயிலையும் காணாது திரும்பலாகாது. தீவின் வடகரையில் 'பத்து பெரிங்கி' என்னும் அழகிய கடற்கரை உள்ளது. நாம் 'பரங்கி' என்று வழங்கும் சொல்லே ஆங்குப் 'பெரிங்கி' ஆயிற்று.

1985-இல் திறந்த பினாங்குப் பாலத்திலிருந்து பார்த்தால் ஜெரஜாக் என்னும் சிறு தீவு தெரியும். கப்பலில் வந்த தொழிலாளரை நோய்த் தடுப்புக்காக இறக்கித் தங்கவைத்த இடம் அது. நம் சின்னப் பாட்டனாரும் அங்கே தங்கியிருக்கக் கூடும்.

மறுகரையில் உள்ள கெடாவே பண்டைக் கடாரம். 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை சென்ற நாடு. பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்களும், அருகே ஓர் அருங்காட்சியகமும் உள்ளன. கடாரம் கொண்ட வேந்தனின் பெயரைக் கல்வெட்டுகள் காத்துள்ளன. அவ்வூருக்குப் பால்மரம் வெட்டச் சென்றவர் பெயரைக் காத்தவர் யார்?

பினாங்கில் முதியவர் சிலரை உசாவினோம். நாம் கூறிய தோட்டம் வீட்டுமனைகளாகி நெடுங்காலம் ஆயிற்றாம். "சயாம் இரயிலுக்குப் பிடித்துப் போனார்களோ என்னவோ!" என்றார் ஒரு பெரியவர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த அப்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளாக இறந்த நேச நாட்டு வீரர் ஏறத்தாழ ஏழாயிரவர்க்குக் கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளர்க்கோ ஆளுக்கொரு கல் இல்லை, பெயரும் இல்லை. இருப்புப்பாதையில் உணவு உண்ணும் நமக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஊர் திரும்புமுன் அமாவாசை வந்தது. பத்து பெரிங்கியில் சுற்றுலாப் பயணியர் எழுமுன், நாம் கடலில் இறங்கி, எண்பது ஆண்டுகளாக வீட்டார் இறைக்காத எள்ளையும் நீரையும் சின்னப் பாட்டனார் பெயரைச் சொல்லி இறைத்தோம். கொள்ளுப்பாட்டியாரின் சொல்லை மீறியதற்கு அவரிடமும் மன்னிப்புக் கோரினோம்.

அன்பர்களே! மலேசியா செல்லுங்கள், கோயில்களையும் கடற்கரைகளையும் கண்டு களியுங்கள், அவற்றை எழுப்பிய கைகளையும் நினையுங்கள். கிர்க்கித் தொழிற்சாலைகளுக்கும் இரயில்வேக்கும் பிழைப்பு நாடிப் புனே வந்த நம் பெரியோரின் பெயர்கள் எந்த ஏட்டில் உள்ளன? எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலை என்று சொல்லக்கூடியவர் இன்றும் நம்மிடையே சிலர் இருக்கின்றனர். சங்கம் ஒரு பேரேடு வாங்கித் தருமாயின், ஞாயிறுதோறும் வீடு வீடாகச் சென்று எழுதும் பணியை நாம் ஏற்கின்றோம். அது ஒன்றே நமக்குத் தெரிந்த தொழில்.