ஆபத்து வேளையில் அண்டை வீட்டார்

(கம்போங் ராஜாவில் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



நிலநடுக்கம் என்பது ஜப்பானுக்கும் இந்தோனேசியாவுக்கும் உரியது என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. 2007ஆம் ஆண்டு இறுதியில் நமது பகாங் மாநிலத்துப் புக்கிட் திங்கி வட்டாரத்தில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. 2015 ஜூன் 5ஆம் நாள் சபா மாநிலத்து ரானாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில், கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். அன்று மலையில் சிக்கியவர்களுக்கு முதலில் துணை நின்றவர்கள் அவ்வூர் மலை வழிகாட்டிகளே.

மலைநாட்டில் வாழ்வோர்க்கு நிலநடுக்கத்தினும் அணுக்கமான ஆபத்து நிலச்சரிவு. 2024 ஜனவரி 26ஆம் நாள் விடியுமுன், கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் மண் சரிந்து, மியன்மார் நாட்டுத் தொழிலாளர் ஐவர் புதையுண்டு மாண்டனர். தாழ்நாட்டு ரப்பர் தோட்டங்களில் இதே ஆபத்து வெள்ளமாக வருகிறது. ஆபத்தின் வடிவம் வேறாயினும், அதை எதிர்கொள்ளும் முறை பெரும்பாலும் ஒன்றே.

தீயணைப்பு மீட்புப் படையினர் பயிற்சியும் கருவியும் உடையவர்கள். ஆயினும் சாலையை மண் மூடிவிட்டால் அவர்கள் வந்து சேர நேரமாகும். அதுவரை அங்கே இருப்பவர் யார்? அண்டை வீட்டாரே.

1995 ஜனவரி 17ஆம் நாள் காலை 5.46 மணிக்கு, ஜப்பானின் கோபே நகரையும் அவாஜித் தீவையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்களில் மிகப் பலரை வெளியே கொணர்ந்தவர்கள் குடும்பத்தாரும் அயலாருமே ஆவர். அவாஜித் தீவின் ஹொகுடான் என்னும் ஊரில், இடிந்த வீடுகளுக்குள் சிக்கிய ஏறத்தாழ 300 பேரை ஊர்த் தொண்டர் தீயணைப்புக் குழுவினரும் அக்கம்பக்கத்தாரும் அன்றே மீட்டனர். எந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் உறங்குவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வீடு முழுவதையும் கிளறாமல், அந்த அறை இருந்த இடத்தையே நேராகத் தோண்டினர்.

இத்தகைய அறிவு நம் லயங்களிலும் உண்டு. ஆனால் அது ஏட்டில் இல்லை. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிறார்கள். அதில் வேலைக்குச் செல்வோர் பெயர் மட்டுமே இருக்கும். வீட்டிலிருக்கும் மூதாட்டி, தொட்டிலில் கிடக்கும் குழந்தை, நடக்க இயலாத நோயாளி ஆகியோர் பெயர் அதில் இராது. ஆபத்தில் முதலில் தேடப்பட வேண்டியவர்களோ அவர்களே!

1975ஆம் ஆண்டில் அரசாங்கம் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா திட்டம் அந்நாளில் இரவுக் காவலை முதன்மையாகக் கொண்டிருந்தது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்து காத்தலே அதன் அடிப்படை. 2012ஆம் ஆண்டு முதல் அதற்கெனத் தனிச் சட்டமும் உண்டு. இவ்வமைப்பு உள்ள இடத்தில் அதன் மூலமும், இல்லாத இடத்தில் தோட்டத்துச் சங்கம், ஆலயக்குழு, மாதர் குழு வழியாகவும் லயந்தோறும் வீட்டுப் பட்டியல் ஒன்று எழுதப்பட வேண்டும். யார் இருக்கிறார், எங்கே உறங்குகிறார், என்ன மருந்து உண்கிறார் என்பவை அதில் இருத்தல் வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளரின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். புளூ வேலியில் மாண்டவர்களை எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்தில் உறங்குகிறவர் எம்மொழி பேசினும் நம் அண்டை வீட்டாரே.

மீட்புப் பணியில் அவசரமும் கேடாகலாம். முதலில் 999 எண்ணுக்குத் தகவல் கூற வேண்டும். மேலே மண் இன்னும் சரியக்கூடிய இடத்தில் எவரும் நுழையலாகாது. பெயர் சொல்லி அழைத்துவிட்டு, அனைவரும் அமைதியாக நின்று செவிமடுக்க வேண்டும். சரிவில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஓடை ஆகியவற்றைக் கண்டால், பொருளை எடுக்க நில்லாமல் உடனே வெளியேற வேண்டும்.

தற்காலிக நிவாரண மையத்திலும் அண்டை வீட்டார் பணி முடிவதில்லை. கோபேயில் முதியோருக்கு முன்னுரிமை தந்து தற்காலிக வீடுகள் ஒதுக்கப்பட்டன, நோக்கம் நல்லதே. ஆயினும் பழகிய அயலாரைப் பிரிந்த முதியோர் பலர் தனிமையில் வாடினர். எவரும் அறியாமல் இறந்தோரும் உண்டு. எனவே ஒரே லயத்தார் பள்ளியிலோ மண்டபத்திலோ தங்க நேர்ந்தால், கூடுமானவரை ஒரே பக்கத்தில் இருக்க அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தனி மறைவிடம், பிள்ளைகளுக்குப் பால், முதியோருக்கு வேளை தவறாத மருந்து ஆகியவற்றைக் கவனிக்க ஆளுக்கொரு பொறுப்பை முன்கூட்டியே பகிர்ந்துகொள்ளுங்கள்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு மாலைப் பொழுதும், வீடு வீடாகச் செல்லும் இரண்டு இளைஞர்களும் போதும். வரும் சம்பள நாளுக்குள் ஒவ்வொரு லயத்திலும் இப்பட்டியல் எழுதப்பட வேண்டும். ஒரு படி லயத்தில் இருக்கட்டும். மறுபடி தோட்ட அலுவலகத்தில் இருக்கட்டும். பிறப்பும் இறப்பும் வரவும் போக்கும் நேருந்தோறும் அதைத் திருத்தி வருவோமாக.