வேடம் கலைந்த பின்



'வேடம்' என்னும் சொல்லை நாம் இரண்டு விதமாக வழங்கி வருகிறோம். ஒருவன் உள்ளத்தில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாக நடந்தால், 'அவன் வேடதாரி' என்று பழிக்கிறோம். அதே நாவினால், அரங்கில் அரிச்சந்திரனாகத் தோன்றியவனைப் பார்த்து, 'வேடம் எவ்வளவு பொருத்தம்!' என்று பாராட்டுகிறோம். ஒரே சொல் ஓரிடத்தில் வசையாகவும் மற்றோரிடத்தில் வாழ்த்தாகவும் நிற்பது ஏன்? இன்று இந்த வினாவையே உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

குழந்தைகள் வேடம் புனைவதை எவரும் குறை கூறுவதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் பாரதியாராகவும் ஔவையாராகவும் சிறுவர் சிறுமியர் மேடையேறும்போது பெற்றோர் உள்ளம் பூரிக்கிறது. ஆனால் நாற்பது ஐம்பது வயதானவர்கள் அவ்வாறு செய்தால், 'இதென்ன சிறுபிள்ளைத்தனம்?' என்று கேட்பவர் உண்டு. மேனாட்டு உல்லாசக் கப்பல்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறதாம். டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களில் ஓர் இரவைக் கடற்கொள்ளைக்காரர் இரவாகவே கொண்டாடுகிறார்கள். குழந்தைகளோடு பெரியவர்களும் தலையில் துணி கட்டி, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு விருந்துக்கு வருகிறார்கள். கதைகளில் வரும் அரசிளங்குமரியாகவும் வீரனாகவும் தோன்றுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். இது பெரியவர்களுக்கு அழகா, அன்றா என்பது வழக்கு.

இவ்வழக்கைத் தீர்க்க நாம் கப்பலேற வேண்டியதில்லை. நம் நெல்லைச் சீமையின் கடற்கரைக்குச் சென்றாலே போதும்.

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் என்னும் பழந்துறைமுக ஊர் இருக்கிறது. விண்வெளி ஏவுதளத்துக்கு 2024 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றதனால் அதன் பெயரை நீங்கள் அண்மையில் கேட்டிருப்பீர்கள். நம் மக்களுக்கோ அது முத்தாரம்மன் ஊர். ஞானமூர்த்தீசுவரரும் முத்தாரம்மனும் அங்கே ஒருங்கே வீற்றிருக்கிறார்கள். நவராத்திரியை ஒட்டி அங்கு நடைபெறும் தசராவுக்கு எங்கள் புளியங்குடியிலிருந்தும், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைப் பொருட்படுத்தாமல், மக்கள் ஆண்டுதோறும் செல்கிறார்கள்.

தசரா என்றவுடன் மைசூர் நினைவுக்கு வரும். உடையார் மரபினர் 1610 ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய விழா அது. அங்கே அரண்மனை ஒளிர்கிறது, யானை அணிவகுக்கிறது, மக்கள் தெருவோரத்தில் நின்று காண்கிறார்கள். குலசேகரன்பட்டினத்திலோ காண்பவர் வேறு, காணப்படுபவர் வேறு என்ற பிரிவே இல்லை. கொத்தனார் அரசராகிறார், மளிகைக் கடைக்காரர் கரடியாகிறார், பேருந்து ஓட்டுநர் குறத்தியாகிறார், கல்லூரி மாணவர் காளியாகிறார்.

இது நினைத்தவுடன் பூசிக்கொள்ளும் அரிதாரம் அன்று. நோய் தீர்ந்தமைக்காகவோ, தடைப்பட்ட திருமணம் கூடியமைக்காகவோ, பிள்ளைப்பேறு வேண்டியோ நேர்ந்துகொண்டவர்கள் மாலை அணிந்து, 48 நாள், 41 நாள், 21 நாள் எனத் தத்தம் ஆற்றலுக்கேற்ப விரதம் இருக்கிறார்கள். புலால் நீக்கி, பலர் ஒருவேளை உணவோடு நிற்கிறார்கள். கோயிலில் கொடியேறிய பின்னரே கையில் காப்புக் கட்டிக்கொண்டு வேடம் தரிக்கிறார்கள். பிறகு ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று கையேந்துகிறார்கள். அவ்வாறு கிடைத்த காணிக்கையை அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். 2024 ஆம் ஆண்டில் அக்டோபர் 3 ஆம் நாள் கொடியேறி, 12 ஆம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்காரம் நிகழ்ந்தது. மறுநாள் கொடி இறங்க, காப்பும் களையப்படுகிறது. அத்துடன் அரசரும் கரடியும் காளியும் மறைந்து, கொத்தனாரும் கடைக்காரரும் மாணவரும் வீடு திரும்புகிறார்கள்.

எல்லா வேடங்களிலும் காளி வேடமே கடுமையானது. சடைமுடி, கிரீடம், கோரைப்பல், முதுகில் கட்டிய பல கைகள் ஆகிய இத்தனையையும் சுமந்துகொண்டு வெயிலில் நடக்க வேண்டும். விரதத்தில் தவறியவர் காளி வேடம் பூணக் கூடாது என்பது மக்கள் நம்பிக்கை. வேடம் உயர உயர ஒழுக்கமும் உயர வேண்டும் என்னும் இந்த விதியை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வழக்கம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியைப் படித்தவர்கள் அறிவார்கள். எயினர் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாகவே ஒப்பனை செய்கிறார்கள். கூந்தலைச் சடையாக உயர்த்திக் கட்டி, பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல்லால் தாலி கோத்து, புலித்தோல் உடுத்தி, கையில் வில்லைக் கொடுத்துக் கலைமான்மீது ஏற்றி வணங்குகிறார்கள். குலசேகரன்பட்டினத்துக் காளியின் மூத்த தமக்கை அவள் என்று சொல்லலாம் அல்லவா? அந்நூலிலேயே மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் பேடியாடலும் கடையமும் உள்ளன. முன்னது, காமன் பேடி வடிவு கொண்டு ஆடியது. பின்னது, இந்திராணி உழவர் குலத்துக் கடைசியர் வடிவு கொண்டு ஆடியது. விண்ணுலக அரசியே வயலில் உழைக்கும் பெண்ணாக வேடம் புனைந்தாள் என்று பாடுவதற்கு நம் முன்னோர் கூசவில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகைய வழக்கங்கள் இருந்தன. இத்தாலியில் வெனிசு நகரத்துத் திருவிழா நாட்களில் உயர்குடியினரும் ஏவலாளரும் முகமூடி அணிந்து தெருவில் கலந்து நடந்தார்கள். யார் பிரபு, யார் பணியாள் என்று அறிய இயலாது. 1797 இல் அக்குடியரசு வீழ்ந்தபின் அவ்விழா மங்கிப் போயிற்று. 1979 இல் மீண்டும் உயிர் பெற்றது. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வெனிசில் முகமூடி மனிதனை மறைத்தது. மறைந்தவன் தன் விருப்பம்போல் திரிந்தான். நம் கடற்கரையில் வேடம் மனிதனைக் கையேந்த வைக்கிறது. ஆறு நாள் அதிகாரம் செய்தவன் ஏழாம் நாள் 'அம்மா, தாயே' என்று வாசலில் நிற்கிறான். கப்பலில் வேடம் புனைபவன் மகிழ்ச்சியைப் பெறுகிறான். அதில் குற்றமில்லை. இங்கே வேடம் புனைபவன் தன் செருக்கைச் சிறிது கொடுத்துவிட்டு வருகிறான்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர் எலுமிச்சை வாணிகத்துக்குப் பெயர் பெற்றது. அவ்வாணிகத்தில் நல்ல நிலையில் உள்ள என் பழைய மாணவர் ஒருவர், தம் மகன் பெருநோயிலிருந்து மீண்டமைக்காக ஓராண்டு பிச்சைக்காரர் வேடம் பூண்டார். கிழிந்த உடையும் கையில் தகரக் குவளையுமாக என் வீட்டு வாசலில் நின்றார். குரல் கேட்டுத்தான் அடையாளம் கண்டேன்.

"எத்தனை வீடு ஏறினாய்?" என்று கேட்டேன்.

"நாற்பதுக்கு மேலே இருக்கும், சார். என் கடையில் மூட்டை தூக்குகிறவர் வீட்டுக்கும் போனேன். அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே எனக்கு நேற்றுவரை தெரியாது, சார்."

"அங்கே என்ன கிடைத்தது?"

"பத்து ரூபாய் போட்டார்கள். அந்த அம்மாவுக்கு என்னை யார் என்று தெரியவில்லை. 'வெயிலில் நிற்காதீர்கள், திண்ணையில் கொஞ்சம் உட்காருங்கள்' என்று சொல்லி மோரும் கொடுத்தார்கள். என் கடை வாசலில் அவர் வீட்டுக்காரர் உட்காருவதற்கு ஒரு பலகைகூட நான் போட்டதில்லை, சார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அந்த வீட்டார் சொல்லியிருந்தார்கள். சில நாட்கள் கழித்துச் சந்தைப் பக்கம் போனபோது, அவர் கடையின் முன்னே நிழலுக்குத் தகரக் கூரையும், அதன் கீழ் ஒரு நீண்ட பலகையும், ஒரு தண்ணீர்ப் பானையும் இருக்கக் கண்டேன். முப்பது ஆண்டுகள் நீதி நூல்களைப் பாடம் சொன்னவன் நான். ஒரு தகரக் குவளை எவ்வளவு விரைவாகப் பாடம் சொல்லிவிட்டது என்று வியந்தேன்.

எல்லாரும் இவ்வாறு திருந்திவிடுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அரசர் வேடத்தை வாடகைக்கு எடுத்து, அதை அணிந்து படம் பிடித்துக்கொண்டு, போனவாறே திரும்பியவர்களையும் கண்டிருக்கிறேன். குழுவுக்குக் குழு போட்டியிட்டு ஒலிபெருக்கியை உயர்த்துவோரும், பக்திக்குப் பொருந்தாத ஆட்டங்களுக்குப் பெரும்பொருள் செலவிடுவோரும் உண்டு. சாதி அடையாளமுள்ள கொடிகளையும் நாடாக்களையும் கொண்டு வரக் கூடாது, இரும்பினால் ஆன ஆயுதங்களை ஏந்தக் கூடாது என்று காவல்துறை அறிவிக்க நேர்கிறது. தன்னை மறப்பதற்காகப் பூணும் வேடத்தின்மீது தன் சாதியை மறவாமல் கட்டிக்கொண்டு வருவது எத்தகைய முரண்பாடு!

வேறொரு கேள்வியும் என் உள்ளத்தை உறுத்துகிறது. பிச்சைக்காரர், குறவர், மனநலம் குன்றியவர் ஆகியோரின் கோலமும் அங்கே வேடமாகிறது. நமக்கு அது பத்து நாள் கோலம். அவர்களுக்கோ அதுவே வாழ்க்கை. காப்புக் களைந்த மறுநாள், உண்மையாகவே பசித்த ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால் என்ன செய்கிறோம்? ஊசியும் பாசிமணியும் விற்க வரும் நரிக்குறவப் பெண்ணைப் பேருந்தில் நம் அருகே அமர விடுகிறோமா? தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்பவரைக் கண்டு கல்லெறியும் சிறுவனைத் தடுக்கிறோமா? தடுத்தால், நாம் பூண்டது விரதம். நகைத்தால், நாம் செய்தது பிறர் துன்பத்தை எடுத்து உடுத்திக் காட்டிய கேலி. வேடத்துக்கு மதிப்பெண் போட வேண்டிய இடம் கடற்கரை அன்று. அடுத்த நாள் வீட்டு வாசல்.

பத்தாம் நாள் இரவுக் காட்சியை இப்போது நினைத்துப் பாருங்கள். அன்று வேடம் பூண்டவர் அடியார் மட்டும் அல்லர். அம்மனை எதிர்க்கும் மகிடாசுரனும் முகம் மாற்றுகிறான். யானை முகத்தோடும் சிங்க முகத்தோடும் எருமை முகத்தோடும் மாறி மாறி வருகிறான். 2020 ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக இந்நிகழ்ச்சி கடற்கரையில் மக்கள் வெள்ளமின்றிக் கோயிலின் முன்னே நடந்தபோதும் அம்முகங்கள் மாறின. அசுரன் எதற்காக முகம் மாற்றுகிறான்? தான் அழியாமல் இருப்பதற்காக. அடியார் எதற்காக முகம் மாற்றுகிறார்? 'தான்' என்பதை அழிப்பதற்காக. செயல் ஒன்று, நோக்கம் இரண்டு. 'வேடம்' என்னும் ஒரே சொல் வசையாகவும் வாழ்த்தாகவும் நிற்பதன் காரணம் இதுவே. பிறரை ஏமாற்றித் தன்னைக் காத்துக்கொள்ளப் பூண்டால் அது வேடதாரித்தனம். தன்னை மறந்து பிறர் நிலையில் நின்று பார்க்கப் பூண்டால் அது பண்பாடு.

மாணவர்களே, நீங்களும் நாள்தோறும் ஒரு வேடம் பூணுகிறீர்கள். அதுதான் பள்ளிச் சீருடை. 1954 முதல் 1963 வரை காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கும் சீருடைக்கும் வழி தேடினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறத்தில் அருகருகே அமர வேண்டும் என்பதே சீருடையின் கருத்து. அந்த உடையை அணிந்துகொண்டே, பக்கத்தில் இருப்பவனின் சாதியை விசாரித்தால் அதன் பயன் என்ன? நாளை உங்களுள் சிலர் காவலரின் காக்கியையும், மருத்துவரின் வெள்ளங்கியையும், வழக்கறிஞரின் கறுப்பங்கியையும் அணிவீர்கள். அவையும் விரதம் இருந்து பூண வேண்டிய வேடங்களே. உயர்ந்த கோலத்துக்கு உயர்ந்த ஒழுக்கம் என்னும் காளி வேட விதி அவற்றுக்கும் பொருந்தும்.

ஆகவே, பெரியவர்கள் வேடம் புனையலாமா என்று எவரேனும் கேட்டால், தாராளமாகப் புனையலாம் என்றே நான் விடை கூறுவேன். கப்பல் விருந்திலும் புனையலாம். கடற்கரைக் கோயிலிலும் புனையலாம். அரிதாரத்தைக் கழுவிய பிறகு, கண்ணாடியில் தெரியும் முகம் முன்னைவிடச் சிறிதேனும் கனிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.