நாம் போட்ட ஊசி

இன்று பட்டம் பெறும் இளம் கால்நடை மருத்துவர்களே,

இந்த மேடையில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். நம் தொழில் செய்த ஒரு தவற்றைப் பேச அனுமதி கேட்கிறேன்.

தொண்ணூறுகளில் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி மலிவாகக் கிடைத்தது. மடிநோயா, நொண்டலா, காய்ச்சலா, எதுவானாலும் ஓர் ஊசி. மாலைக்குள் மாடு எழுந்து தீவனம் தின்னும். மாட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். நானும் போட்டிருக்கிறேன். மனம் உறுத்தவில்லை. உறுத்துவதற்கு அன்று ஒன்றும் தெரியாது.

அதே ஆண்டுகளில் ராஜஸ்தானின் பரத்பூரில், செத்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகுகள் கழுத்து தொங்கி, மரத்திலிருந்து விழுந்து செத்தன. தொற்றுநோயா, பூச்சிக்கொல்லியா என்று தேடினார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் விடை சொன்னது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துவிட்டால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் கெடுகிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் படிகிறது. 1992 முதல் 2007 வரை இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. இத்தனைக்கும் நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ‘நான் ஒருத்தன் போட்டதால் என்ன ஆகிவிடும்’ என்று நான் வைத்திருந்த சமாதானம் அத்தோடு போயிற்று.

பாறு தின்னாத சடலம் நாய்க்குப் போகிறது. நாய் பெருகினால் வெறிநோய் பெருகும். அழுகல் நீர்நிலையில் கலக்கும். பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களில் 2000க்கும் 2005க்கும் இடையே சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று 2024இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மதிப்பீடுதான், தலை எண்ணிய கணக்கல்ல. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. உடனே மனிதர்களுக்கான அதே மருந்தின் பெரிய குப்பி மாட்டுத் தொழுவத்துக்கு வந்தது. அதை 3 மில்லியாகச் சுருக்க 2015 வரை ஆயிற்று. அந்த ஊசி ஏன் கூடாது என்ற சேதி, சட்டம் வந்த வேகத்தில்கூட வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சேதி சொல்ல வேண்டிய நாம் என்ன செய்தோம்? சுற்றுச்சூழல், அறம், உலக நலம் என்று தலைப்பிட்டுப் பல்கலைக்கழகங்களில் பொதுச் சொற்பொழிவு நடத்தினோம். நானும் பேசியிருக்கிறேன். குளிரூட்டிய அரங்கு. முன்வரிசையில் பேராசிரியர்கள், பின்வரிசையில் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்த பிள்ளைகள். (சிரிக்கிறீர்கள், தெரியும்.) ஊசி போடுபவரும் இல்லை, மாடு வளர்ப்பவரும் இல்லை. ‘பொது’ அழைப்பிதழோடு நின்றுவிட்டது. துணைவேந்தர் அவர்களே, அடுத்த சொற்பொழிவை ஒரு மாட்டுச்சந்தையில் வையுங்கள். செலவும் குறைவு.

நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. அந்தப் பக்கத்து ஊர்களில் உங்களில் சிலருக்குப் பணி கிடைக்கும். பாறுவுக்குக் கேடில்லாத மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி உங்கள் பையில் இருக்கட்டும். அதைப் போடும்போது, ஏன் இதைப் போடுகிறேன் என்று மாட்டுக்காரரிடமும் இரண்டு நிமிடம் நின்று சொல்லிவிட்டு வாருங்கள்.